ராத்திரியில் எடுத்த ரத்தம்

அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. "வயசாயிடுத்தே, பழசையெல்லாம் விட்டுடப்படாதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விடுவதாவது! அவர் முகம் அன்றைக்குச் சபையில் வெளுத்துப்போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் காபி கூட ஒரு வாய் அதிகம் இறங்குகிறது. அந்தச் சுகத்தை நான் ஏன் விட வேண்டும்?

யுத்த காலம் அது. திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒரு மண்டலி ஏற்பட்டிருந்தது. சயன்ஸ் தனியாக, வைத்தியம் தனியாக, கல்வி தனியாக நின்றால் ஜனங்களுக்குப் பிரயோஜனமில்லை, மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கையில் நான் ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. ஓர் அறையில் ஒருவர் கடற்பாசியைக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பார். அடுத்த அறையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அரைத்து அதிலுள்ள விஷத்தை அளந்துகொண்டிருப்பார்கள். அரிசி கிடைக்காமல் ஊரே அந்தக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நாள். அதற்கும் அப்பால் மத்தி மீனின் வயிற்றைக் கீறிப் பார்க்கும் ஒருவர். மாடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளுக்குக் கூட்டல் வருகிறது, வகுத்தல் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து போன எனக்கு மீன் வாசனை முதல் வாரம் குமட்டியது. பிறகு அந்த வராந்தாவில் நடப்பதே ஒரு சந்தோஷமாகிவிட்டது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு கேள்வி இருந்தது.

இத்தனைக்கும் தலைவர் ஒருவர். கல்வி சாஸ்திரத்தில் சீமைப் பட்டம் வாங்கினவர். எந்த அறையிலிருந்து எந்தக் கட்டுரை கிளம்பினாலும் அதன் தலையில் அவர் பேர் இருக்கும். அதுதான் அங்கே வழக்கம். கடற்பாசியா? அவர். மரச்சீனி விஷமா? அவர். மத்தியின் குடலா? அதுவும் அவர்தான். மீன் எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் வால் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ! வேலை செய்தவனுக்குக் கடைசி வரியில் 'உதவியாளர்களுக்கு நன்றி' என்று மொத்தமாக ஒரு கும்பிடு. கட்டுரையை அவர் புரிந்துகொள்ள மெனக்கெடமாட்டார். ஆனால் இங்கிலீஷைத் திருத்துவார். அவர் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ், அதை மறுப்பதற்கில்லை. திருத்தி முடித்ததும் பேனாவைத் திறந்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அதோடு அந்த வேலை அவருடையது.

நான் ஜந்து சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவள். தற்காலிக உதவியாளர் என்று சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கொடுத்தது யானைக்கால் வியாதி. இந்த ஊர்ப் பேச்சில் மந்து. புத்தனாற்றங்கரையில் தேங்காய் மட்டையை, இந்த ஊரில் தொண்டு என்பார்கள், அழுகப் போட்டுக் கயிறு திரிக்கிற ஜனங்களிடம் வீட்டுக்கு ஒரு மந்துக்கால் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதம் தவறாமல் நாலைந்து நாள் காய்ச்சலில் கிடந்தார்கள். வாத்தியார்கள் அவர்களைச் சோம்பேறி என்று எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஆற்றில் பச்சைப் பாய் விரித்தாற்போல ஆகாயத்தாமரை. அதன் வேரில் வால்நுனியைச் செருகி மூச்சு விடும் ஒருவகைக் கொசுக்குஞ்சு. அந்தக் கொசு கடித்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் புழு. புழுவால் காய்ச்சல். காய்ச்சலால் பள்ளிக்கூடம் போகாமை, போகாததால் கணக்கு வராமை. ஆற்று ஆகாயத்தாமரையிலிருந்து வகுப்பறைக் கரும்பலகை வரை ஒரே நூல் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியபோது உடம்பு சிலிர்த்தது. இந்த மண்டலியின் கொள்கைக்கு இதைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்?

ஆனால் அந்தப் புழு ஒரு விசித்திரம். அதன் குஞ்சுகள் பகலெல்லாம் நெஞ்சுக்குள்ளே ஒதுங்கிக் கிடக்கும். ராத்திரி ஆனால்தான் தோலுக்கு அடியிலிருக்கும் ரத்தத்துக்கு வரும். விரலில் குத்தி ரத்தம் எடுப்பதானால் ஒன்பது மணிக்கு மேல்தான் எடுக்க வேண்டும். பகலில் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தால் ஒன்றும் இராது. வலியசாலைப் பெண் ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தனாற்றங்கரைக்குப் போவதா என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு, சித்தி கூடப் போவதானால் போ என்றார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷன் போய் எங்களோடு இருந்தவள். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் காணும்.

"இதென்னடீ கூத்து? பகல்ல அந்தப் புழுவுக்கு என்ன வேலை, தூங்கறதாக்கும்?" என்று கேட்டாள்.

"ஒளிஞ்சுண்டிருக்கும் சித்தி. ராத்திரிதான் வெளியே வரும்."

"அப்போ திருட்டுப் புழு. நாம போலீஸ். நட."

மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். நான் ஊசி, ஸ்பிரிட், கண்ணாடித் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிரம்புப் பெட்டியில் எடுத்துக்கொண்டு பின்னால். தொண்டு அழுகும் நாற்றத்தில் சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, தூங்குகிற பிள்ளைகளை ஒன்றொன்றாக எழுப்பி, "ஒரு எறும்புக் கடிடா, அவ்வளவுதான்" என்பாள். மலையாளம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். ஒரு வீட்டில், இரண்டு காலும் வீங்கின ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சோர எடுத்தா எனிக்கு மந்து மாறுமோ அம்மா?" என்றாள். ரத்தம் எடுத்தால் வியாதி குணமாகாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவளே, "சாரமில்ல, பிள்ளைக்கு வராம இருந்தா மதி" என்றாள். பிள்ளைக்கு வராமல் இருந்தாலே போதுமாம். திரும்பிவந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நாங்கள் படுக்கும்போது கோட்டைக்குள் நடுராத்திரி மணி அடித்து ஓய்ந்திருக்கும். இப்படி இரண்டு மழைக்காலம்.

கட்டுரையை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் நான். ரத்தம் எடுத்தது ராத்திரியில் என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஏன் ராத்திரி என்று விளக்கவில்லை. வைத்தியர்கள் படிக்கும் கட்டுரையில் அதை விளக்குவது, இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும் என்று சமையல்காரிக்குச் சொல்வது மாதிரி. மண்டலியில் வைத்தியத்துக்கென்று இருந்த டாக்டர் யுத்தத்துக்குப் போய்விட்டதால் அவர் நாற்காலி காலியாக இருந்தது. கட்டுரை நேரே தலைவர் மேஜைக்குப் போயிற்று.

என் வேலை பங்குனியோடு முடிகிறது. பேர் அச்சில் வந்த உதவியாளர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று ஒரு விதி இருந்தது. தலைவர் முதல் பேரை எடுத்துக்கொண்டு போகட்டும், இரண்டாவது பேராக என்னைப் போடச் சொல்லலாம் என்று அவர் அறைக்குப் போனேன். கேட்டது அவ்வளவுதான்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குட்டி, நான் உன் நன்மைக்குச் சொல்றேன், கேளு. இதுல உன் பேரைப் போட்டா என்னாகும்? வலியசாலைப் பொண்ணு ராத்திரி வேளையில குடிசை குடிசையா ஏறி இறங்கினாள்னு ஊர் சிரிக்கும். உங்கப்பா கோவிலுக்குப் போக முடியுமோ? நாளைக்கு உன்னை யார் கல்யாணம் பண்ணிப்பா?"

"நான் செஞ்ச வேலை ஸார் அது."

"வேலையா? விரல்ல குத்தறது வேலையா? அதை ஆஸ்பத்திரி அட்டெண்டர் செய்வான். ஆராய்ச்சிங்கறது வேற. போ, போய் மிச்சக் கண்ணாடியைத் துடைச்சு வை."

வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. விரலில் குத்துவது வேலையில்லையா? அந்த ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி நீ நின்றிருப்பாயா ஐயா? எல்லா அறையிலும் இதைத்தானே செய்திருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. மத்திக்காரரும் வகுத்தல் வாத்தியாரும் ஏன் தலையைக் குனிந்துகொண்டே நடக்கிறார்கள் என்றும் புரிந்தது.

பத்து நாள் கழித்து அச்சுக்கூடத்திலிருந்து புரூஃப் வந்தது. அதைக் குமாஸ்தா என் மேஜையில் வைத்தார். "நம்பர் மட்டும் பார்த்தா மதின்னு சொல்லச் சொன்னார். இங்கிலீஷைத் தொடப்படாதாம்."

பேர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எதிர்பார்த்ததே. இரண்டாம் பக்கம் திருப்பினேன். ராத்திரியைக் காணோம்! நான் எழுதிய இடங்களிலெல்லாம் ராத்திரியை அடித்துவிட்டு, 'காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை, நல்ல வெளிச்சத்தில்' என்று போட்டிருந்தார். அழகான இங்கிலீஷ். கௌரவமான ஒரு மண்டலி, ராத்திரியில் ஆற்றங்கரைக் குடிசைகளுக்குப் பெண்பிள்ளையை அனுப்பியது என்று அச்சில் வந்தால் நன்றாயிருக்குமா? மரியாதையைக் காப்பாற்றிவிட்டார் மனிதர். எந்த நேரமானால் என்ன, ரத்தம் ரத்தம்தானே என்று நினைத்திருப்பார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பொய் சொல்லமாட்டேன், முதலில் அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லத்தான் கால் எழுந்தது. இரண்டு வருஷத்து உழைப்பு, ஒரு வரியில் கேலிக்கூத்தாகப் போகிறது. அவர் அறைக் கதவு வரை போனேன். உள்ளே யாரிடமோ, "என்னுடைய மந்து ஆராய்ச்சி" என்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். எண்களை மட்டும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. 'எண்கள் சரி' என்று ஓரத்தில் எழுதிக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சித்தியிடம் சொன்னேன்.

"நீ பொய் ஏதும் எழுதினியாடீ?"

"இல்லை."

"அவன் உன்னை இங்கிலீஷைத் தொடப்படாதுன்னானா?"

"ஆமாம்."

"பின்னே என்ன? பெரியவா சொன்னதைக் கேட்டிருக்காய். கட்டையிலே போறவன் தானாப் போய் விழட்டும். நான் அடை வார்க்கறேன், உனக்கு எத்தனை வேணும்?" என்று கல்லை அடுப்பில் போட்டாள். எனக்கு அன்று நல்ல பசி.

மண்டலியின் வருஷக் கூட்டம் மாசியில் நடந்தது. மதராஸிலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். கட்டுரைப் பிரதியை எல்லார் கையிலும் கொடுத்திருந்தார்கள். நான் உதவியாளர்களோடு கடைசி வரிசையில், சித்தியின் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் கட்டுரையைக் கணீரென்று படித்தார். ஆகாயத்தாமரை, கொசு, புழு, காய்ச்சல், கணக்கு. என் நூல் அவர் வாயிலிருந்து வந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மதராஸ் டாக்டர்களில் தலை நரைத்த ஒருவர் எழுந்தார். இங்கிலீஷில்தான் பேசினார், வெகு மரியாதையாக. "ரத்தம் எடுத்தது காலையில் என்று போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையோ?"

'ஆமாம், அச்சுப் பிழை' என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் தம் இங்கிலீஷில் பிழை என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தாங்காது.

"பிழையில்லை. காலையில்தான். நான் நேரில் மேற்பார்த்தேன்" என்றார்.

"நீங்களேவா?"

"ஒவ்வொரு நாளும்."

"ஒவ்வொரு நாளும் காலையில் எடுத்த ரத்தத்தில் இத்தனை பேரிடம் புழுக்குஞ்சு கண்டீர்களா?"

"ஐயமில்லாமல்."

கிழவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். "இந்த மண்டபத்திலுள்ள எந்த வைத்தியரும் சொல்வார், இந்த நாட்டில் அது ராத்திரியில்தான் ரத்தத்தில் வரும் என்று. தலைவர் ஒரு புதுப் புழுவைக் கண்டுபிடித்திருக்கிறார், அல்லது அந்த வீடுகளுக்கு அவர் போனதே இல்லை" என்றார். முதலில் ஒரு டாக்டர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பின்னால் வந்து எங்களைத் தொட்டது. என் பக்கத்தில் மத்திக்காரர் தோள் குலுங்கிற்று.

தலைவர் முகம் சுண்ணாம்பாகப் போயிற்று. கண்கள் மண்டபத்தில் அலைந்து என்மேல் வந்து நின்றன. கையை நீட்டி என்னைக் காட்டினார். "அதோ, அந்தப் பெண்தான் இந்த வேலையைச் செய்தவள். எல்லாம் அவள் எடுத்தது, அவள் எழுதியது. பிழைக்கு அவளே பொறுப்பு" என்றார். கூடவே என் பேரையும் முழுசாக, அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். அந்தப் பேரைச் சேர்த்துவிட்டால் ஊர் சிரிக்கும் என்றாரே, இப்போது அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் அவர் வாயாலேயே வந்தது.

எழுந்து நின்றேன். "மன்னிக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் என் பேர் இல்லை" என்றேன்.

மதராஸ் டாக்டர் கையிலிருந்த பிரதியைத் திருப்பிப் பார்த்தார். "இல்லைதான்" என்றார். "நீங்கள் அந்த வீடுகளுக்குப் போனதுண்டா அம்மா?"

"இரண்டு மழைக்காலம் போனேன். ராத்திரியில். தலைவர் ஒவ்வொரு நாளும் நேரில் இருந்ததாகச் சொல்கிறார். நான் அவரை அங்கே ஒரு நாளும் பார்க்கவில்லை."

உட்கார்ந்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த மௌனம் எனக்குச் சிரிப்பைவிட இனித்தது.

மறுநாள் அவர் கார் வலியசாலைத் தெருவுக்குள் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காலை என்று எழுதியது நான்தான், அவசரத்தில் நேர்ந்த தவறு என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமாம். திருத்திய கட்டுரை மறுபடி அச்சாகுமாம். "முதல் பேர் உன்னது. என் பேர் இரண்டாவதா இருக்கட்டும். வேலையும் நிரந்தரம். உங்கப்பாவுக்கும் சந்தோஷம்தானே?" என்று அப்பாவைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அப்பா என்னைப் பார்த்தார். சித்தி சமையலறை வாசலிலிருந்து, "அவளுக்குத் தெரியும், அவளே சொல்லட்டும்" என்றாள்.

"உங்க பேர் இரண்டாவதாவும் வேண்டாம் ஸார்" என்றேன்.

"அப்போ பங்குனியோட சரி."

"சரி ஸார்."

பங்குனியோடு சரியாகத்தான் ஆயிற்று. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தவளையும் தாமரையும் நடத்தப் போனேன். ஆனால் மதராஸ்காரர் ஊருக்குத் திரும்புமுன் பங்களாவுக்கு வந்து என் கண்ணாடித் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார். முழுதும் மறுபடி எழுதித் தமக்கு அனுப்பும்படியும் சொல்லியிருந்தார். எழுதினேன், ஏன் ராத்திரி என்பதையும் சேர்த்து. அதற்குள் பங்களாவில் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. மத்திக்காரர் தம் பேரைக் கேட்டார். வகுத்தல் வாத்தியார் கேட்டார். கடற்பாசிக்காரர் கேட்காமலே தம் பேரைப் போட்டு அனுப்பிவிட்டார். தலைவருக்குக் கடைசியில் கல்வி மட்டும் மிஞ்சியது.

அடுத்த வருஷம் என் கட்டுரை மதராஸில் அச்சாகி வந்தது. மேலே ஒரே ஒரு பேர். பள்ளிக்கூடம் விட்டதும் அதில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பாளையத்துக்கு நடந்தேன். தலைவர் அறையில் பழைய நாற்காலி, பழைய மேஜை, காகிதம்தான் குறைச்சல். பிரதியை அவர் முன்னால் வைத்தேன். யார் கொண்டுவந்தது என்றுகூடப் பார்க்காமல், கைப்பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டார். முதல் பக்கத்தின் தலையில் தம் பேரைத் தேடிய கண் அப்படியே நின்றது.

"கையெழுத்து வேண்டாம் ஸார்" என்றேன். "படிச்சா மட்டும் மதி."